முல்கியா (வண்டிப் பதிவு) அடுத்த மாதம் முடிகிறது, மூன்று எமிரேட்டிலும் ஃபைன் இருக்கிறது: எதை முதலில் கட்டுவது?

கூத்தாநல்லூரான்

எல்லோருக்கும் வணக்கம். துபாய் ப்ளேட் வண்டி, 2017 மாடல். வீடு ஷார்ஜாவில், வேலை விஷயமாக அபுதாபிக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். முல்கியா அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. ஆப்பில் பார்த்தால் அபுதாபியில் இரண்டு ஸ்பீடு ஃபைன், ஷார்ஜாவில் ஒன்று, அதோடு ஒரு சாலிக் (துபாய் ரோடு டோல்) ஃபைன், துபாயில் ஒரு பார்க்கிங் ஃபைன். இதில் பார்க்கிங் ஃபைன் மட்டும் எனக்குச் சம்மதமில்லை, அந்த நேரத்துக்குப் பணம் கட்டியதற்கு வந்த மெசேஜ் போனில் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகுதான் வண்டியை டெஸ்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டுமா? ரூமில் ஒருவர் டெஸ்டிங் சென்டரிலேயே மொத்தமாகக் கட்டிவிடலாம் என்கிறார், இன்னொருவர் தேசிய தினத்துக்குத் தள்ளுபடி அறிவிப்பார்கள், பொறு என்கிறார். ஊரில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதம் இது, கொஞ்சம் மிச்சமானாலும் உதவியாக இருக்கும்.

தேரா பாய்

தம்பி, டெஸ்டிங் வேறு, ரினியூவல் வேறு. ஃபைன் பாக்கி இருந்தாலும் வண்டியைச் சோதித்து ரிசல்ட் கொடுத்துவிடுவார்கள், முல்கியா புதுப்பிக்கும் இடத்தில்தான் சிஸ்டம் நிறுத்தும். வண்டி மூன்று வருடம் தாண்டியதால் வருடா வருடம் டெஸ்ட் உண்டு, அந்த ரிசல்ட் 30 நாளைக்குச் செல்லும். அதனால் இன்சூரன்ஸைப் போட்டுவிட்டு, முல்கியா முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள், ஏதாவது ஃபெயில் ஆனாலும் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

ஆனால் ஃபைனை அதுவரை தள்ளிப்போட வேண்டாம், மொத்தமாகக் கடைசி நாளில் கட்டும் யோசனையில்தான் பணம் வீணாகிறது. அபுதாபியில் ஃபைன் விழுந்து 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம் குறையும், அதற்குப் பிறகு ஒரு வருடம் வரை 25 சதவீதம்தான். ஷார்ஜாவிலும் 2023 ஏப்ரலிலிருந்து இதே கணக்கு. ஒவ்வொரு ஃபைனிலும் தேதியைப் பாருங்கள், 60 நாளை நெருங்குவது எதுவோ அதை இன்றைக்கே கட்டுங்கள். பெரிய குற்றங்களுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது, உங்களுடையது சாதாரண ஸ்பீடு ஃபைன் என்றால் கவலை இல்லை. அபுதாபி ஃபைனை அந்த அரசின் 'தம்' ஆப்பில் கட்டினால் குறைந்த தொகையே காட்டும். சாலிக்குக்கு இதெல்லாம் இல்லை, கடைசியில் கட்டினாலும் அதே தொகைதான்.

தேசிய தினத் தள்ளுபடியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா மாதிரி எமிரேட்டுகள் சில வருடங்களில் 50 சதவீதம் அறிவித்திருக்கின்றன, ஆனால் அது அந்தந்த எமிரேட்டில் விழுந்த ஃபைனுக்கு மட்டும். உங்களுக்கு அங்கே ஒன்றும் இல்லையே.

பார்க்கிங் ஃபைனை மட்டும் இப்போதைக்குக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பிறகு திரும்பக் கேட்பது பெரும்பாடு. முதலில் ஆட்சேபம் போடுங்கள்.

யாழ்ப்பாணத்துத் தம்பி (அபுதாபி)

அண்ணை, பாய் சொன்னது சரி. நான் சொல்ல வருவது இனிமேல் விழாமல் இருப்பதைப் பற்றி, ஏனென்றால் துபாய் வாகனக்காரர் இங்கே வந்து மாட்டுப்படுவது எப்போதும் ஒரே விஷயத்தில்தான். துபாயில் பலகையில் 100 என்றால் 120 வரைக்கும் கமரா பேசாது. அபுதாபியில் அந்த 20 கிலோமீட்டர் சலுகையை 2018 ஆகஸ்ட்டிலேயே எடுத்துவிட்டார்கள், பலகையில் போட்டிருப்பதுதான் எல்லை, 140 என்றால் 141-லேயே பதிவாகும். அபுதாபிக்குள் நுழைந்த உடனே க்ரூஸ் கண்ட்ரோலை மாற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 20-க்குள் தாண்டினால் 300 திர்ஹாம், 30-க்குள் 600, 40-க்குள் 700, 50-க்குள் 1000. அதற்கு மேலே போனால் லைசென்ஸில் ஏறும் ப்ளாக் பாயிண்டும் வாகனத்தைப் பிடித்து வைப்பதும் சேர்ந்து வரும்.

தொகை கையைக் கடித்தால் உங்கள் வங்கியிடம் கேளுங்கள், சில வங்கிகளின் கிரெடிட் கார்டில் அபுதாபி ஃபைனை வட்டியில்லாத் தவணையாக மாற்றலாம்.

ஷார்ஜா செல்வி

டெஸ்டிங்குக்குப் போகும் முன்பு டயரைப் பாருங்கள், தயவுசெய்து. 2017 வண்டி என்கிறீர்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தயாரித்து 5 வருடம் ஆன டயர் என்றால், பட்டன் நன்றாக இருந்தாலும் ஃபெயில்தான். டெஸ்ட்டை விடுங்கள், இந்த வெயிலில் பழைய டயரோடு அபுதாபி ரோட்டில் போவதே ஆபத்து, குடும்பத்தோடு போகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி ஃபிலிம் 50 சதவீதத்துக்கு மேல் இருட்டாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

கூத்தாநல்லூரான்

மூவருக்கும் நன்றி. பார்த்தேன், அபுதாபி ஃபைனில் ஒன்றுக்கு 60 நாள் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, அதைக் கட்டிவிட்டேன், 600-க்கு 390 ஆனது. மற்றதைச் சம்பளம் வந்ததும் கட்டுகிறேன், அதற்கு நாள் இருக்கிறது. பார்க்கிங் ஆட்சேபத்துக்கு முல்கியா முடியும் தேதிக்குள் பதில் வராவிட்டால் என்ன செய்வது?

தேரா பாய்

தேதி முடிந்த பிறகும் புதுப்பிக்க ஒரு மாத அவகாசம் உண்டு, ஆனால் இன்சூரன்ஸ் அதுவரை இருக்கிறதா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதமும் தாண்டி ஓட்டினால் 500 திர்ஹாம், 4 ப்ளாக் பாயிண்ட். ஒரு பார்க்கிங் ஃபைனுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஆட்சேபம் போடும் முன் அந்த மெசேஜை ஒரு தடவை நன்றாகப் படியுங்கள். பார்க்கிங் பணம் கட்ட 7275-க்கு மெசேஜ் அனுப்பும்போது ப்ளேட் எழுத்து மாறியிருந்தாலோ, பலகையில் இருந்த ஸோன் எண்ணும் நீங்கள் அடித்ததும் வேறாக இருந்தாலோ கட்டிய பணம் செல்லாது. எல்லாம் சரியாக இருந்தால் மெசேஜ் படத்தையும் ஃபைன் எண்ணையும் சேர்த்து இன்றே அனுப்புங்கள், கொடுக்கும் ரெஃபரன்ஸ் எண்ணைக் குறித்து வையுங்கள்.