மார்த்தாண்டம் தேன் பாட்டிலில் எந்தப் பெயர் யாருக்குச் சொந்தம்?

மார்த்தாண்டம், தேன் வியாபாரிகளுக்கு ஆவண வேலை பார்ப்பவர்:

எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி எண், சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் மூன்றும் இருந்தால் கடைப் பெயர் தனக்குத்தான் என்று நம்பி வருகிறவர்கள் இங்கே அதிகம். மூன்றில் எதுவும் பெயருக்கு உரிமை தராது. அதற்கு டிரேட்மார்க்தான் வேண்டும். படிவம் டிஎம்-ஏ. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உத்யம் சான்றிதழ் பயன்படுவது இந்தச் சலுகைக்கு. தேன் 30-ஆம் வகுப்பு. நேந்திரங்காய் சிப்ஸும் சமையல் தேங்காய் எண்ணெயும் 29. அதே எண்ணெயைத் தலைக்குத் தேய்க்க என்று விற்றால் 3.

விண்ணப்பம் அதிகம் சாவது ஓர் இடத்தில். டிரேட்மார்க் பதிவகத்தின் ஆட்சேபணை அறிக்கை மின்னஞ்சலில் வரும். 30 நாளுக்குள் பதில் போகாவிட்டால் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். படிவத்தில் ஏஜென்டின் மின்னஞ்சல் மட்டும் இருந்தால் வியாபாரிக்கு விஷயமே தெரியாது. உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயம் கொடுங்கள்.

"மார்த்தாண்டம் தேன்" என்பதையே சொந்த மார்க்காகக் கேட்டு வீணாக அலைய வேண்டாம். 2023-இல் அது புவிசார் குறியீடு பெற்றது, தனி ஒருவரின் சொத்து ஆகாது. ஆனால் புவிசார் குறியீட்டுக்கான ஜிஐ-3 படிவத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தப் பெயரின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் ஆகலாம். வேளாண் பொருளுக்கு, பதப்படுத்துகிறவரையும் பேக் செய்கிறவரையும் சட்டம் உற்பத்தியாளராகவே எண்ணுகிறது. பெட்டி வைத்துத் தேனீ வளர்க்காதவர்கள் இதைத் தெரியாமலே ஒதுங்கிவிடுகிறார்கள். தேன் மட்டும் அந்தப் பகுதியுடையதாக இருக்க வேண்டும்.

நாகர்கோவில், லேபிள் அச்சுத் தொழில்:

அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற சரக்கில் பெயர் மலையாளத்திலும் இருக்கும். அந்த எழுத்தோடு விண்ணப்பித்தால் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டும். லேபிளை நிறத்தோடு பதிந்தால் உரிமையும் அந்த நிறத்தோடு சுருங்கும். அதனால் முதலில் வெறும் சொல்லாகப் பதியுங்கள், பணம் மிஞ்சினால் லேபிள்.

லோகோ வரைந்தவரிடம் பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுதி வாங்குங்கள். கூலி கொடுத்ததாலேயே லோகோ உங்களுடையது ஆகாது. எழுதும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான். பதிவு எண் கிடைக்கும்வரை டிஎம் குறி போதும். அதற்குமுன் வட்டத்துக்குள் ஆர் போடுவது சட்டப்படி தவறு.

பாறசாலை, வழக்கறிஞர்:

போலிச் சரக்கு கேரளத்தில் விற்கிறது, இனி அங்கே போய் அலைய வேண்டுமே என்று சோர்ந்துபோகிறவர்கள் டிரேட்மார்க் சட்டத்தின் 134-ஆம் பிரிவைப் பார்க்கட்டும். பதிவு செய்த மார்க் என்றால், நீங்கள் தொழில் நடத்தும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பதியாத பெயருக்கு இந்த வசதி இல்லை. எதிரி இருக்கும் இடத்தையோ சரக்கு விற்ற இடத்தையோ தேடிப் போக வேண்டும். எல்லையோரத் தொழிலுக்கு 4,500 ரூபாயின் பெரிய பலன் இதுதான் என்பேன்.

வணிக வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போகச் சொல்வார்கள். அவசரத் தடை கேட்டால் அது தேவையில்லை. அதனால் நோட்டீஸ் அனுப்புமுன் போலிப் பாட்டிலை ரசீதோடு வாங்கி, பேட்ச் எண்ணும் தேதியும் தெரியப் படமெடுத்துவிடுங்கள். நோட்டீஸ் முதலில் போனால், தடை உத்தரவு வருவதற்குள் கிடங்கு காலியாகிவிடும்.