யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலை: எப்ப போறது, எதைப் பாக்கிறது?

தாவடியான்
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோட ஒரு நாள் விடிய போக இருக்கிறம். எந்த நாள் பூட்டு? எதை விடாமல் பாக்கவேணும்? மத்தியானத்துக்குள்ள பக்கத்தில வேற என்ன பாக்கலாம்?

வடலி
செவ்வாய் பூட்டு. போயா (பறுவ நாள் லீவு), அரச விடுமுறை எண்டால் முதல் விசாரிச்சிட்டுப் போங்கோ. நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால கிடக்கு. ரோட்டில நிண்டால் மண்டபம்தான் தெரியும், அதால தாண்டிப் போயிடுவியள். ஓட்டோக்காரரிட்டயும் மண்டபத்தின்ர பேரையே சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலம் காணும்.

வாசலில கோட்டைப் பீரங்கியும் திமிங்கில எலும்பும். பிள்ளை அதிலயே நிண்டிடும், உள்ளுக்க கூட்டிக்கொண்டு போங்கோ. கந்தரோடையில எடுத்த தலையில்லாப் புத்தர் சிலை, ஏழு வாயுள்ள மண்பானை, பருத்தித்துறைப் பல்லக்கு, மூண்டையும் விடாதேங்கோ.

பழங்காசு
நாணயங்களுக்க 'சேது' காசைத் தேடுங்கோ, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தியள் அடிச்சது. ஒரு பக்கம் படுத்திருக்கிற நந்தி, அதுக்குக் கீழ தமிழில 'சேது'. தேஞ்ச செப்பு, நேர வெளிச்சம் பிடிச்சால் கண்ணாடிதான் மினுங்கும், எழுத்துத் தெரியாது. போன் டோர்ச்சைப் பக்கவாட்டில, கண்ணாடியை ஒட்டினமாதிரிச் சரிச்சுப் பிடியுங்கோ. எழுத்தின்ர மேட்டுக்கு நிழல் விழும், அப்பதான் வாசிக்கலாம். படம் எடுக்கிறதெண்டால் முதல் கேளுங்கோ, பிளாஷ் வேண்டாம்.

தாவடியான்
நன்றி. கந்தரோடைக்கும் அண்டைக்கே போகலாமோ?

வடலி
போகலாம், சுன்னாகப் பக்கம்தானே. ஆனால் நூதனசாலையை முதல் பாருங்கோ. கந்தரோடை, வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் 1917இல கிண்டத் தொடங்கின இடம். உரோமக் காசு, இந்திய முத்திரைக் காசெல்லாம் வந்தது அங்கையிருந்துதான். இப்ப போனால் வேலிக்குள்ள சின்னச் சின்னத் தாதுகோபுரங்கள் (புத்த தூபியள்) மட்டும்தான். அதுகளும் விழுந்துகிடந்த கல்லை எடுத்துத் திரும்ப அடுக்கினது, அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ. நிழல் குறைவு, தண்ணி கொண்டு போங்கோ.

பழங்காசு
நேரமில்லாட்டி நல்லூருக்குள்ளயே யமுனா ஏரி (மேலயிருந்து பாத்தால் 'ப' வடிவம்), சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரி மனை. மந்திரி மனையில ஒரு எச்சரிக்கை: பேர் அரசர் காலத்துப் பேர், ஆனால் இப்ப நிக்கிற கட்டடம் 1619இல யாழ்ப்பாண ராச்சியம் விழுந்ததுக்குப் பிந்தினது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடி வீதியளைப் பூட்டிப்போடுவினம், அந்த நேரமெண்டால் வாகனத்தைத் தூர விட்டிட்டு நடக்கவேணும்.