சி6 டேப்: அனுப்பினா அக்கட்டால ஸ்வரம் மாறுது, வாட்ஸ்அப்ல வரி கலையுது. என்ன பண்றதுங்க?

கோபி_ஸ்லைடு

வணக்கமுங்க. வள்ளி கும்மி மெட்டு ஒண்ணை லேப் ஸ்டீலுக்கு (மடியில படுக்க வெச்சு, கம்பி மேல பார்ங்கற இரும்பை நகர்த்தி வாசிக்கற கிட்டார்) டேப் (கம்பிக்கு ஒரு கோடு, வாசிக்கற இடத்துக்கு ஒரு நம்பர்னு போடற குறிப்பு) எழுதி, கூட வாசிக்கறவங்களுக்கு அனுப்பணும். டியூனிங் (கம்பிகளுக்குச் சுருதி வெக்கற முறை) சி6. நாலு இடத்துல முட்டுது.

1. திருப்பூர்க்காரர் என் நம்பரைப் பார்த்து அவர் ஆப்ல அடிச்சுக் கேட்டார். முதல் கம்பி மட்டும் சரி, மத்ததெல்லாம் இறங்கிக் கேக்குது.
2. தாராபுரத்துக்கு மிடி ஃபைலா அனுப்பினேன். அங்கே சத்தம் சரி, ஆனா நம்பர் பூரா வேற.
3. என் மியூஸ்ஸ்கோர்ல (இசை எழுதற சாஃப்ட்வேர்) எழுதி முடிச்சு டியூனிங்கை சி6க்கு மாத்தினதும் போட்ட நம்பர் தானா மாறிப்போச்சு.
4. வாட்ஸ்அப்ல ஒட்டினா கோடு நேரா நிக்கறதில்லை. அடியில பாட்டு வரி போட்டா இன்னும் மோசம்.

சிங்காநல்லூர்_ஸ்டீல்

முதல் மூணும் ஒரே சங்கதி தானுங்க. டேப்ல இருக்கறது ஸ்வரம் இல்லை, "இந்தக் கம்பியில இந்த இடம்"ங்கற விலாசம். டியூனிங் கூடப் போகலைன்னா விலாசம் வேற ஊருக்குப் போயிரும்.

திருப்பூர் ஆப் சாதா கிட்டார் டியூனிங்ல நிக்குது. ஒத்துப் பாருங்க (எழுத்து ஸ்வரம், கூட வர்ற எண் ஆக்டேவ், அதாவது ஸ்தாயி). சி6ல 6வது கம்பியிலிருந்து 1 வரை சி3, இ3, ஜி3, ஏ3, சி4, இ4. சாதா கிட்டார்ல இ2, ஏ2, டி3, ஜி3, பி3, இ4. முதல் கம்பி ரண்டுலயும் இ4, அதான் அது மட்டும் சரியாப் பேசுது. 2வது ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல ஒரு கட்டம், அரை ஸ்வரம்) இறக்கம், 3வது ரண்டு, 4வது அஞ்சு, 5வது ஏழு, 6வது எட்டு. இதே கணக்குல இறங்கிக் கேட்டா வேற எதையும் நோண்ட வேண்டாம், அவர் ஆப்ல டிராக் டியூனிங்கை மாத்தினாப் போதும்.

தாராபுரம் கதை நேர் எதிர். மிடி ஃபைல்ல ஸ்வரமும் நேரமும் தான் இருக்கும், கம்பி எண்ணுக்கு அதுல இடமே இல்லை. திறக்கற சாஃப்ட்வேர் தனக்குத் தோணின கம்பியில நம்பரை அள்ளிப் போட்டுக்கும். டேப்பை மிடியா அனுப்பறதை இன்னியோட நிறுத்திப்போடுங்க. ஜிபி5 (கிட்டார் ப்ரோ ஃபைல்) அனுப்புங்க, இல்லைன்னா மியூசிக்எக்ஸ்எம்எல். ரண்டுலயும் டியூனிங், கம்பி, ஃப்ரெட் மூணும் உள்ளேயே போகும்.

மூணாவது, மியூஸ்ஸ்கோரோட குணம். டியூனிங்கை மாத்தினா அது ஸ்வரத்தைக் காப்பாத்தி நம்பரை மாத்தும். உங்களுக்கு வேண்டியது நம்பர் நிக்கணும். அதனால ஒரு நோட்டு கூடப் போடறதுக்கு முன்னாடியே:

– கிட்டார் டேப் சேர்த்து, அந்த ஸ்டாஃப் மேல ரைட் கிளிக், ஸ்டாஃப்/பார்ட் பிராப்பர்ட்டீஸ்.
– அதுல ஸ்ட்ரிங் டேட்டாவை மாத்தற பொத்தான். ஆறு கம்பிக்கும் மேலே சொன்னபடி ஸ்வரம், ஆக்டேவ் எண்ணோட.
– அப்பறம் எழுத ஆரம்பிங்க.

ஏற்கனவே எழுதினது டக்ஸ்கிட்டார்ல (டேப் எழுதற இன்னொரு சாஃப்ட்வேர்) இருந்தா தப்பிச்சீங்க. அங்கே டிராக் பிராப்பர்ட்டீஸ்ல டியூனிங்கை மாத்தும்போது டிரான்ஸ்போஸ்ங்கற டிக்கை எடுத்துருங்க. நம்பர் அசையாது, சத்தம் மட்டும் புது டியூனிங்குக்கு வரும்.

பவானி_ஆறுகம்பி

வாட்ஸ்அப் பாடு நான் சொல்றேன்.

கோடு கலையறதுக்குக் காரணம் எழுத்துரு. 1க்கு ஒரு அகலம், 8க்கு ஒரு அகலம், கோட்டுக்கு ஒரு அகலம்னு இருந்தா நேரா நிக்காது. டேப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ``` குறி மூணு மூணு போட்டா வாட்ஸ்அப் எல்லா எழுத்தையும் ஒரே அகலமாக்கிரும். ஒரு வரி 30 எழுத்துக்குள்ள இருக்கட்டும், சின்ன ஃபோன்ல அதுக்கு மேல மடங்கிக் கீழே விழும்.

சி6ல மோகனம், ச = எஃப், பார் 5ல தொடங்கி. ப த ச ரி க ப த:

```
1|--------------5--8--10--|
2|---------5/7------------|
3|-----5------------------|
4|-5----------------------|
5|------------------------|
6|------------------------|
```

10 வந்த இடத்துல மத்த அஞ்சு கோட்லயும் ரண்டு இடம் விட்டிருக்குது பாருங்க. முக்காவாசி டேப் கோணறது இந்த இடத்துல தான். இடது ஓரத்துல கம்பிப் பேரைத் தமிழ்ல எழுதாதீங்க, எண் போடுங்க. இது அழகுக்குச் சொல்லலீங்க, காரணம் அடுத்து வருது.

ஐஃபோன்காரங்களுக்குத் தனித் தொல்லை. ரண்டு கோடு அடிச்சா ஒரே நீளக் கோடா மாத்திரும். செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு போய் ஸ்மார்ட் பங்க்சுவேஷனை அணைங்க. வேர்டு பக்கமே போக வேண்டாம். மூணு கோடு போட்டு என்டர் தட்டினா பக்கம் பூரா ஒரு கோடு இழுத்துரும். நோட்பேடு போதும்.

பாட்டு வரி: ஒரே அகல எழுத்துருங்கறது ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் தான். கூரியர்ல தமிழ் எழுத்தே கிடையாது, அந்த இடத்துல ஃபோன் வேற எழுத்துருவை எடுத்துக்கும். "டி" ஒரு அகலம், "ணௌ" மூணு பங்கு. எத்தனை ஸ்பேஸ் தட்டினாலும் எதிராளி ஃபோன்ல நிக்காது. அதனால டெக்ஸ்ட் டேப்ல பாட்டைக் கோட்டுக்கு அடியில வெக்காதீங்க. ஒவ்வொரு அளவுக்கும் (தாளக் கட்டம், மெஷர்) எண் போட்டு, டேப் முடிஞ்சதும் "அளவு 1: இன்ன வரி"ன்னு தனியா எழுதுங்க.

எழுத்துக்கு எழுத்து நம்பருக்கு நேரா வேணும்னா மியூஸ்ஸ்கோர் பிடிஎஃப் தான் வழி. நோட்டைத் தொட்டு கன்ட்ரோல்+எல், ஒரு அசை அடிச்சு, சொல்லுக்கு நடுவுல கோடு, சொல் முடிஞ்சா ஸ்பேஸ். ஒரு அசை நாலு ஸ்வரத்துக்கு இழுத்தா அண்டர்ஸ்கோர். இன்னொண்ணு, மியூஸ்ஸ்கோர் தானா எடுத்துக்கற எட்வின் எழுத்துருவுல தமிழ் இல்லை. டெக்ஸ்ட் ஸ்டைல்ல லிரிக்ஸுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் வெச்சுருங்க, பிடிஎஃப்ல எழுத்துரு உள்ளேயே போயிரும்.

கோபி_ஸ்லைடு

ரொம்ப நன்றிங்ணா. திருப்பூர்க் கணக்கு அப்படியே ஒத்துப்போச்சு, டியூனிங் மாத்தினதும் சரியாயிருச்சு. இன்னொண்ணு. சாதா கிட்டார் டேப்பை சாஃப்ட்வேர்ல சி6க்கு மாத்தினேன். ஒரே நேரத்துல 1ல 5, 2ல 7, 3ல 5ன்னு வருது. இதை எப்படிப் பிடிக்கறது?

சிங்காநல்லூர்_ஸ்டீல்

பிடிக்கவே முடியாதுங்க. சாஃப்ட்வேருக்குத் தெரிஞ்சது விரல், உங்க கையில இருக்கறது நேரான இரும்பு. நேர்கோட்டுல அமையற நம்பர் மட்டும் தான் சேர்ந்து பேசும். 5-5-5 ஆகும், 5-6-7 சாய்ச்சா ஆகும், 5-7-5 ஆகாது. அந்த மாதிரி இடத்துல ஒரு ஸ்வரத்தை விட்டுருங்க, இல்லைன்னா ஒண்ணொண்ணாப் பிரிச்சு மீட்டுங்க.

சாய்வை டேப்ல சொல்லியே ஆகணும். 1ல 5, 2ல 6ன்னா பாரோட மூக்கு (முதல் கம்பிப் பக்கத்து நுனி) நட் பக்கம் (கிட்டார் தலைப்பக்கம்), அது பின் சாய்வு. முதல் கம்பி நம்பர் பெருசா இருந்தா மூக்கு பிரிட்ஜ் பக்கம் (கம்பி முடியற உடம்புப் பக்கம்), முன் சாய்வு. நம்பருக்கு மேல "பி.சா", "மு.சா"ன்னு போடுங்க. நம்பரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் தான், ஆனா ஓட்டத்துல வாசிக்கறவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

பாரை நேரா வெச்சாலே வர்ற கார்டை (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) எடுத்துக்கிட்டா சாய்வுக்கு வேலை கம்மி. பார் 5ல 4, 5, 6 சேர்ந்தா எஃப் மேஜர், அதே இடத்துல 1, 2, 3 சேர்ந்தா டி மைனர். மாத்தி எழுதறதை விட இதை வெச்சுப் புதுசா எழுதறது சுளுவு.

ஊத்துக்குளி_டேப்

ஒரு எச்சரிக்கை. தலைப்புல "சி6"ன்னு மட்டும் போட்டு விடாதீங்க, ஆறு கம்பியையும் எழுதுங்க: "6லிருந்து 1: சி இ ஜி ஏ சி இ". ஓபன் ஜிங்கற இன்னொரு டியூனிங்ல வர்ற டேப்ல இந்தக் கூத்து நிறைய. டி ஜி டி ஜி பி டின்னு ஒருத்தர், ஜி பி டி ஜி பி டின்னு டோப்ரோக்காரர் (உள்ளே உலோகத் தட்டு வெச்ச கிட்டார்காரர்). மேல் நாலு கம்பி ரண்டுலயும் ஒண்ணே. அதனால பாட்டு பாதி வரைக்கும் சரியாப் போகும், 5, 6 வந்ததும் தான் குட்டு உடையும்.

கம்பி கேஜையும் (கம்பியோட தடிமன்) போட்டுருங்க. புதுசா வர்ற பசங்க சாதா செட்டையே சி6க்கு முறுக்கறாங்க. 6வது கம்பியை எட்டு ஃப்ரெட் ஏத்தினா அறும், மூஞ்சியில அடிக்கும். சி6 செட்டுன்னு கேட்டு வாங்கச் சொல்லுங்க, முதல் கம்பி 15, ஆறாவது 36 (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு) அளவுல வரும்.

கோபி_ஸ்லைடு

சரிங்ணா. கும்மி முடிஞ்சதும் சினிமாப் பாட்டும் எழுதிப் பொதுவுல ஏத்தலாமுங்களா?

பவானி_ஆறுகம்பி

அதுல பார்த்துப் போங்க. நம்ம நாட்டு 1957 காப்புரிமைச் சட்டப்படி இசைக்கும் பாட்டு வரிக்கும், உண்டாக்கினவர் காலத்துக்கு அப்பறம் 60 வருஷம் உரிமை. டேப்பா மாத்தினாலும் மெட்டு அவரோடது தான். வீட்ல வாசிக்க எழுதிக்கறது வேற, ஊருக்கே ஏத்தறது வேற. உரிமை வாங்கி வெச்சிருக்கற தளங்கள்ல ஏத்தினா கொஞ்சம் பத்திரம். தியாகராஜர் கிருதிக்கு இந்தப் பேச்சே இல்லை, அவர் மறைஞ்சது 1847ல.

கும்மிக்கும் ஒண்ணு சொல்றேன். மெட்டு பழசா இருக்கலாம், வரி இப்ப இருக்கற கும்மி ஆசிரியர் கட்டினதா இருக்கும். அவரைக் கேட்டுக்கிட்டு, பேரைப் போட்டு ஏத்துங்க. முடியலைன்னா வரியை எடுத்துட்டு டேப்பை மட்டும் ஏத்துங்க. ஏத்தும்போது பிடிஎஃப் ஒண்ணு, ஜிபி5 ஒண்ணு, மெதுவா வாசிச்ச எம்பி3 ஒண்ணு. ஸ்லைடு எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் இழுக்குதுன்னு 5/7 மாதிரி வர்ற சாய்கோடு சொல்லாது, அதுக்குத் தான் எம்பி3.