தாபரிப்பு வழக்கு: யாருடைய கையெழுத்து வேண்டும்?

உவர்மலைக்காரி: ‘துறைமுகத்தான்’ நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. சட்டத்தரணியின் கையெழுத்து இல்லாத தாபரிப்பு மனுவை, அதாவது மனைவி பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கேட்கும் மனுவை, திருகோணமலையில் எவரும் கையால்கூடத் தொடமாட்டார்கள் என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் கேட்பது விண்ணப்பதாரரின் கையெழுத்தைத்தான். முத்திரை வரியும் கிடையாது. அவர் சொன்னதைக் கேட்டு வீட்டோடு இருந்துவிடும் பெண்களின் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

துறைமுகத்தான்: இருபத்திரண்டு வருடங்கள் நீதிமன்ற வாசலில் தட்டெழுத்து இயந்திரத்தோடு உட்கார்ந்தவன் நான். சட்டத்தரணி கையெழுத்திட்ட மனுக்களே உள்ளே போனதைப் பார்த்தேன், பார்த்ததையே எழுதினேன். விவாகரத்துக்கும் நீங்களே மனு எழுதுவீர்களா? தீய எண்ணத்தோடு கைவிட்டதையோ பிறர் உறவையோ மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்த பின்பும், விவாகரத்துத் தீர்ப்பு இறுதியாவதற்கு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமா?

உவர்மலைக்காரி: நான் கேட்டது விவாகரத்தை அல்ல, கையெழுத்தை. தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. நீங்கள் இழுத்து வந்த மாவட்ட நீதிமன்றத்திலும்கூட, வழக்காளி தானே தோன்றுவதற்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிக்கிறது.

கிண்ணியா வாசகன்: இருவரும் எங்களை மறந்துவிட்டீர்கள். முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றவே முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் பெண்கள் தாபரிப்பையும் அங்கே தனியாகத்தான் கேட்கிறார்கள். பேச்சில் வல்ல கணவனுக்கு எதிரே நா எழாமல் நின்ற என் மாமி மகளைப் பார்த்தவன் என்பதால், சட்டத்தரணி இல்லாமை எல்லோருக்கும் வரம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

துறைமுகத்தான்: கேட்டீர்களா? அவரும் என் பக்கம்தான் பேசுகிறார்.

கிண்ணியா வாசகன்: நான் எவர் பக்கமும் பேசவில்லை. போன வருடம் காணி உறுதி விவாதத்திலும் என் சொல்லை இப்படித்தான் திருப்பிப் போட்டீர்கள், அதை நான் மறக்கவில்லை.

துறைமுகத்தான்: காணி உறுதியிலும் நான் சொன்னதே சரி.

சாம்பல்தீவான்: அண்ணன், அக்கா, வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. கையெழுத்துக்காக அடித்துக்கொள்வதை விட்டு அதைச் சொல்லுங்களேன்.

உவர்மலைக்காரி: தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தங்கை முதலில் ஒரு சட்டத்தரணியிடம்தான் போனாள். காப்பை அடகு வைத்துப் பணம் கட்டினாள். ஆறு தவணைக்கும் அவர் வரவில்லை, ஒவ்வொரு முறையும் வேறொரு இளையவர் வந்து தவணை கேட்டுவிட்டுப் போனார். பிறகுதான், நான் பக்கத்தில் இருக்க, சமையலறை மேசையில் ஃபூல்ஸ்கேப் தாளை விரித்து, திருமணம் நடந்த திகதி, இரண்டு பிள்ளைகளின் வயது, கணவரின் சம்பளம், பால்மா முதல் பாடசாலை வான் வரையிலான மாதச் செலவு என்று அவளே எழுதினாள். கை நடுங்கியதில் சம்பளத் தொகையை மூன்று முறை வெட்டி எழுதினாள். திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இணைத்து, அடியில் தன் பெயரைக் கையெழுத்தாக இட்டாள். மனுவை எடுத்துக்கொண்டார்கள், அழைப்பாணையும் போனது. துறைமுகத்தான் ஐயா, அதில் எந்தச் சட்டத்தரணியின் கையெழுத்து இருந்தது?

துறைமுகத்தான்: ஒருத்திக்கு நடந்தது ஊர் வழக்கமாகிவிடாது. எதிர்த்தரப்பு சட்டத்தரணியோடு வந்து குறுக்கு விசாரணை செய்யும் நாளில் உங்கள் தங்கை என்ன செய்வார்? என் கண் முன்னால் அழுதுகொண்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! கையெழுத்து வேண்டும் என்று எழுதியது எழுதியதுதான்.

உவர்மலைக்காரி: குறுக்கு விசாரணைக்குச் சட்டத்தரணி துணை என்று எழுதியிருந்தால் நானே ஆமோதித்திருப்பேன். நீங்கள் எழுதியது மனுவில் கையெழுத்து என்று. அதை எந்தப் பிரிவு கேட்கிறது? பிரிவின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்: இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு இலக்கம் கேட்கிறீர்கள்.

உவர்மலைக்காரி: ஆம், கேட்கிறேன். நாளைக்கும் வந்து கேட்பேன்.