மறு: உடற்கோலமா, மெய்ந்நிலையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பிள்ளைகள் தாம் நிற்கும், உட்காரும் விதத்தை (ஆங்கிலத்தில் posture) தாமே எப்படி இருப்பதாக நினைக்கிறார்கள் என்று ஆராயும் கட்டுரையின் மொழிபெயர்ப்புக்குச் சொல் தேடுகிறோம். முதலில் posture என்பதற்கு.

> அகராதியில் "தோரணை" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, "என்ன தோரணையாகப் பேசுகிறான் பார்" என்று சொல்கிற ஊர் நம்முடையது. பத்து வயதுப் பிள்ளையிடம் "உன் தோரணை எப்படி?" என்று கேட்டால் திட்டுவதாகத்தான் நினைப்பான். "உடல்நிலை" என்றாலோ காய்ச்சல், சளி.

அம்மையார் தந்த "மெய்ந்நிலை" எனக்கும் முதலில் பிடித்திருந்தது. மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இவ்வகை ஆய்வில், பக்கவாட்டு உருவப் படங்கள் சிலவற்றைப் பிள்ளையிடம் காட்டி, "நீ நிற்பது எதைப்போல இருக்கிறது?" என்று கேட்பது ஒரு முறை. பிறகு பக்கவாட்டில் புகைப்படம் எடுத்து, காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டையும் ஏழாம் கழுத்து முள்ளெலும்பையும் இணைக்கும் கோடு கிடைக்கோட்டிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். (கண்ணாடியில் நம் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம்; தன் கூனைத் தானே பார்த்தவர் யார்?) ஒன்று பிள்ளை நினைப்பது, மற்றது மெய். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பேசும் கட்டுரையில் "மெய்ந்நிலை" என்று எழுதினால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? "மெய்யான மெய்ந்நிலை" என்று நானே ஓரிடத்தில் எழுதிவிட்டு அடித்தேன்.

ஆகவே கோலம். வாசலில் போடுவதும் மணக்கோலமும் நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் மதுரைக் கூடலழகர் கோயிலின் மூன்று தளங்களில் பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் காட்சி தருகிறார். நமக்கு வேண்டிய பொருள் முழுவதும் அங்கே இருக்கிறது. "உடற்கோலம்" என்றால் அலங்காரக் குழப்பமும் குறையும்.

சொல்லின் அடுத்த பாதிக்கு, அதாவது பிள்ளை தன் உடற்கோலத்தைப் பற்றித் தானே நினைப்பதற்கு, "உணர்வு" வேண்டாம். கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்கின்றனவே, ஷெரிங்டன் 1906இல் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயரிட்டது, அதற்குத்தான் "தன்னுடல் உணர்வு" பொருந்தும். படத்தைச் சுட்டிப் பிள்ளை சொல்வது கணிப்பு. என் பரிந்துரை: "உடற்கோலத் தற்கணிப்பு". இது ஆய்வாளருக்கு மட்டும். வினாத்தாளில் "நிற்கும் விதம்", "உட்காரும் விதம்" போதும்.

எனக்கு விடை கிடைக்காதது வேறொன்று. வீட்டில் "கூன் போடாதே" என்று நாளும் அதட்டு வாங்கும் பிள்ளை, "கூன்" என்று எழுதிய படத்தைத் தொடவே தொடாது. அந்தப் படத்தின் கீழ் என்ன எழுதலாம்?

அன்புடன்