மறு: கோப்புப் பொருளா, கோப்புப் பிடியா?

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பைத்தான் நிரல்மொழியில் கோப்புகளைக் கையாள்வது பற்றி வகுப்பு எடுக்கிறேன். வியாழன் இரவுக்குள் குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையை அழைத்ததும், அந்தக் கோப்பைப் படிக்கவும் எழுதவும் நம் கைக்கு வருகிறதே ஃபைல் ஆப்ஜெக்ட், அதற்குத்தான் இன்னும் தமிழ்ச் சொல் அமையவில்லை. 'கோப்புப் பொருள்' போதும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி மழையளவு குறித்துவைத்த கோப்பைத் திறந்து, படிக்கும் கட்டளையான ரீட் கொடுத்தாள். எல்லா வரிகளும் வந்தன. மறுபடி ரீட் கொடுத்தாள். வெற்றுச் சரம்தான், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரைதான் வந்தது. "சார், எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பதறிவிட்டாள். கோப்பு வட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. முதல் வாசிப்பிலேயே கடைசிவரை போய் நின்றுவிட்டது அவளிடம் இருந்த ஆப்ஜெக்ட். படிக்கும் இடத்தை மாற்றும் சீக் கட்டளை கொடுத்து, தொடக்கமான பூச்சியத்துக்குக் கொண்டுபோனதும் எல்லா வரிகளும் திரும்ப வந்தன. ஆக, எதுவரை படித்தோம், படிக்கத் திறந்தோமா எழுதத் திறந்தோமா, மூடியாயிற்றா என்பதையெல்லாம் வைத்திருப்பது ஒன்று. வட்டில் கிடக்கும் கோப்பு வேறு. கிணறும் கயிறும் போல. 'கோப்புப் பொருள்' என்றால் பிள்ளைகள் கோப்பையே நினைக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வகுப்புக்கு வெளியே மலையாளம்தான். மலையாளத்தில் பொருள் என்றால் அர்த்தம், உட்கருத்து. கையில் எடுக்கும் பொருளுக்கு வஸ்து என்பார்கள். தமிழ்ப் பாடத்திலும் 'சொற்பொருள் தருக' என்றே பிள்ளைகளுக்குப் பழக்கம். அதனால் 'கோப்புப் பிடி' என்று போடலாம் என்று நினைக்கிறேன். கோப்பைத் தானே மூடிவிடும் வித் கட்டளைத் தொகுதி முடிந்ததும் பிடி தானே விட்டுவிடும் என்று விளக்கவும் எளிது.

———

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து:

தம்பி, கிணறும் கயிறும் நல்ல உவமை. சொல்தான் இடறுகிறது. கோப்பைத் திறக்கிறோம், மூடுகிறோம். பிடியை யாராவது திறப்பார்களா? பிடிக்க வேண்டும், விட வேண்டும். திற, மூடு என்ற வினைகளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் பிடி என்று மாற்றினால் தொடர் நிற்காது. எழுதும் முறையில் திறந்தால், ஒரு எழுத்துகூட எழுதுமுன்பே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். எந்தப் பிடியும் அப்படிச் செய்யாது. அப்புறம், பாலக்காட்டுப் பிள்ளைக்குப் பிடி என்றதும் பிடியானைதான் கண்முன் வரும்.

கோப்பு என்ற சொல்லையே பாருங்கள். கோத்து வைப்பது கோப்பு. ஃபைல் என்பதும் இலத்தீனில் நூலைக் குறிக்கும் ஃபீலும் என்ற சொல்லிலிருந்து வந்தது. தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த வழக்கம் அது. இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே நூலைப் பிடித்திருக்கின்றன! இந்த வேரிலேயே நின்றால் 'கோவை' கிடைக்கும். ஆனால் அது தொகுப்புக்குப் போய்விட்டது, ஊருக்கும் போய்விட்டது. 'இழை' என்றால், நிரலுக்குள் இணையாக ஓடும் திரெட்டுக்கு வைத்துவிட்டோம். 'சரடு' மிச்சம் இருக்கிறது. கோப்புச் சரடு. சரட்டில் எத்தனை மணிகளைத் தள்ளியிருக்கிறோம், அதாவது எதுவரை படித்தோம் என்பதும் அதில் அடங்கும். இல்லையென்றால் பொருளே இருக்கட்டும். அடுத்த பாடத்தில் ஆப்ஜெக்ட் எல்லாவற்றையும் பொருள் என்று சொல்லப்போகிறீர்கள். இதை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

———

ஆந்திரத்து நகரியிலிருந்து:

ஐயா, சரடு என்றால் எங்கள் பிள்ளைகள் தாலிச்சரடு என்பார்கள். எழுத்துத் தொடரான ஸ்ட்ரிங்குக்குச் சரம் என்று ஏற்கெனவே இருக்கிறது. சரமும் சரடும் ஒரே பக்கத்தில் வந்தால் திணறிப் போவார்கள். பிடி இங்கே தடையின்றிச் செல்லும். தெலுங்கிலும் கத்தியின் கைப்பிடிக்குப் பிடி என்றே பெயர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளரும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல் கிடைப்பது பெரிய உதவி. வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறாரே, ஃபைல் ஆப்ஜெக்ட் என்றே எழுதினால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். மாணவியின் கதையைப் படித்தபின் மனம் மாறிவிட்டது. அது கோப்பு இல்லை என்பதைப் பெயரே சொல்ல வேண்டும்.

———

மீண்டும் கொழிஞ்சாம்பாறை:

இருவருக்கும் நன்றி. திற, மூடு பற்றி ஐயா சொன்னதற்கு என்னிடம் முழு விடை இல்லை. திறப்பது கோப்பை, கிடைப்பது பிடி என்று வாக்கியத்தைப் பிரித்து எழுதிப் பார்த்தேன்; ஓரளவு நிற்கிறது. ஆனால் மூடும் கட்டளை 'பிடி.குளோஸ்' என்றுதானே வருகிறது, அங்கே இடிக்கத்தான் செய்கிறது. 'கோப்புப் பிடியும் ஒரு பொருளே' என்ற வரியை அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டேன். இதுவரை எழுதியவர்களில் ஐந்து பேர் பிடிக்கு, இரண்டு பேர் பொருளுக்கு, சரடுக்கு ஐயா ஒருவர். இந்த முறை பிடி என்றே அச்சுக்குப் போகிறது.

———

சித்தூரிலிருந்து:

போகட்டும். எனக்கு இன்னும் உடன்பாடில்லை. விடுமுறையில் விரிவாக எழுதுகிறேன். கோப்பு வன்தொடர்க் குற்றியலுகரம், நடுவில் ப் கட்டாயம். நீங்கள் அனுப்பிய மாதிரிப் படியில் நான்கு இடத்தில் 'கோப்பு பிடி' என்று ஒற்றில்லாமல் இருக்கிறது. அச்சுக்குமுன் திருத்திவிடுங்கள், தம்பி.