தறிக்குழியில் நான்கு கால்கள்

குடும்பக் குழு: பிள்ளையார்பாளையம் வீடு, காஞ்சிபுரம்

[மாலை 6:40] நான்: எல்லோருக்கும் வணக்கம். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் எங்கள் இறுதியாண்டுக் கண்காட்சி இன்று தொடங்கிவிட்டது. என்னுடைய மூன்று வேலைகளைப் படம் எடுத்துப் போடுகிறேன். ஞாயிறு வரை இருக்கும். முடிந்தவர்கள் வாருங்கள்.
(படம்) (படம்) (படம்)

[6:43] சித்தி: வாழ்த்துகள் பாப்பா! 👏 மூன்றும் நன்றாக இருக்கிறது.

[6:51] பெரியப்பா: முதல் படம் என்னவென்று தெரியவில்லை அம்மா. கறுப்புப் பட்டையில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

[6:52] அண்ணன்: எனக்கு ராத்திரி வானம் மாதிரி இருக்கிறது.

[6:58] நான்: பெரியப்பா, அது நம் வீட்டு அட்டைதான்! பரணில் கோணிப்பையில் கட்டிக் கிடந்ததே, தாத்தா தறியின் ஜக்கார்டு அட்டை, சேலையில் உருவம் விழுவதற்காக ஓட்டை ஓட்டையாக அடித்தது. பொங்கலுக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டு எடுத்துப் போனேன். அட்டை மேல் ரோலரால் மை தடவி, ஈரத் தாளை வைத்து, பிரஸ்ஸில் கொடுத்து எடுத்த அச்சு அது. மை படாத ஓட்டையெல்லாம் வெள்ளையாக நின்றுவிட்டது. நேரில் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்ன மேடாகக் கையில் படும்.

[7:01] நான்: ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மேலே தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை, அதாவது குறுக்கே ஒரு நூல். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்குச் சேலையில் இருக்கும் மயில் மட்டும்தான் தெரியும். மயிலுக்குப் பின்னால் இத்தனை அட்டை தொங்குவது தெரியாது. அதனால் மயிலை விட்டுவிட்டேன்.

[7:04] நான்: அப்புறம், மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் மட்டும் திட்டாக விழுந்திருக்கிறது பாருங்கள். யாரோ ஓட்டையை அடைத்துக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.

[7:09] பெரியப்பா: அப்பா ஒட்டியது! அட்டை அடித்தவர் ஒரு ஓட்டை கூடுதலாக அடித்துவிட்டார். கரையில் ஒரு இழை தப்பாகத் தூக்கிக்கொண்டே வந்தது. ராத்திரி முழுக்க அட்டை அட்டையாகப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். கஞ்சிப் பசை வைத்து ஒட்டியது.

[7:10] நான்: இது எனக்குத் தெரியாது பெரியப்பா. அச்சில் அந்தத் திட்டு வந்ததும் என் ஆசிரியர் வேறு அட்டை போடலாமே என்றார். எனக்கு மனம் வரவில்லை. நல்ல வேளை.

[7:16] சித்தப்பா: ஓவியக் கல்லூரியில் நெசவையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார்களா?

[7:20] நான்: ஏன் சித்தப்பா ஏற்காமல்? அந்தக் கல்லூரியை 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். தொடக்கத்திலிருந்தே கைத்தொழிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த இடம் அது. இப்போதும் துணி வடிவமைப்புக்குத் தனித் துறை இருக்கிறது. நான் அச்சுக்கலைத் துறையில் இருந்துகொண்டு தறியைக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

[7:24] சித்தி: இரண்டாவது படத்தில் கால் மட்டும்தான் இருக்கிறது. முகம் ஏன் வரையவில்லை?

[7:33] நான்: சித்தி, இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அது தறிக்குழி, நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் பள்ளம். குழிக்குள் படுத்து மேலே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கரியில் வரைந்தது. இரண்டு கால் தாத்தாவுடையது. இரண்டு கால் அத்தையுடையது.
கோர்வைச் சேலை ஒருவர் கையால் நடக்கிற வேலை இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஊடையும் அதேபோல் வேறு வேறு. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று. ஒரு பக்கக் கரையின் நாடாவை இன்னொருவர் உட்கார்ந்து போட வேண்டும். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் அந்த இன்னொருவர் அத்தை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.
சேலையை யார் நெய்தது என்று கேட்டால் எல்லோரும் தாத்தா பெயரைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் வரைந்தால் பார்க்கிறவர்கள் நேராகப் பெரியவர் முகத்துக்குப் போய்விடுவார்கள். குழிக்குள் அந்த வித்தியாசம் இல்லை. நான்கு கால், அவ்வளவுதான்.

[7:35] அம்மா: 🙏

[7:38] நான்: மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, 1959-ல் வைத்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நான்கு பேர் பாறையைத் தள்ளுவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் முதுகுத் தசை வரையக் கற்றுக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்த சிலை. ஆனால் நான்கு பேரும் ஆண்கள். ஒரு நாள் அங்கே உட்கார்ந்து வரையும்போதுதான் அத்தை நினைவு வந்தது. இந்த வரிசை முழுக்க அங்கிருந்து தொடங்கியது.

[7:44] அண்ணன்: பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

[7:49] நான்: ஒருவர் "நெசவாளர் வறுமையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். வறுமை இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் காட்ட நினைப்பது அத்தைக்குத் தெரிந்த வேலையை. பத்து வயதில் ஒரு இழை தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாராம். அப்பா சொல்லியிருக்கிறார்.
மூன்றாவது வேலையும் அதுதான். அரக்குத் தாள், பச்சைத் தாள், ஆறடி நீளம். இரண்டிலும் ஒன்றும் வரையவில்லை. நடுவில் சேரும் இடத்தில் மட்டும் பட்டு நூலால் கோர்வை போட்டிருக்கிறேன். அந்த ஒரு கோடுதான் படம். இருபது நாள் ஆயிற்று.

[8:55] அத்தை: இப்போதுதான் கடையைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் படித்தேன்.

[8:58] அத்தை: கோர்வை நன்றாகப் பிடித்திருக்கிறாய் கண்ணு. கீழே ஒரு சாண் தூரத்தில் மட்டும் இறுக்கிவிட்டாய், தாள் சுருங்குகிறது. பச்சை இழையைக் கொஞ்சம் விட்டுப் பிடி.

[9:02] நான்: அது சரிதான் அத்தை. அந்த இடத்தில் தாள் கிழியப் பார்த்தது. பயத்தில் இறுக்கினேன்.

[9:06] அத்தை: கால் படம் தப்பு. நான்கு காலையும் தரையில் ஊன்றி வரைந்திருக்கிறாய். எனக்குக் குழியின் தரை எட்டாது. பலகையில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். மத்தியானத்துக்குள் மரத்துப்போகும். நான் அழுததைப் பார்த்துவிட்டு அப்பா செங்கல் அடுக்கிக் கொடுத்தார். அதன் மேல்தான் என் கால்.

[9:07] பெரியப்பா: ஆமாம், இரண்டு செங்கல். மேலே கோணி சுற்றியிருக்கும்.

[9:08] அத்தை: முதலில் மூன்று. நான் வளர வளர அப்பா ஒவ்வொன்றாக எடுத்தார்.

[9:15] நான்: அத்தை, நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் இரண்டு பாதத்தையும் அழித்துவிடுகிறேன். கரி இன்னும் உதிரும் நிலையில்தான் இருக்கிறது, மேலே எதுவும் அடிக்கவில்லை. மூன்று செங்கல், கோணியோடு வரைகிறேன். ஞாயிறு வருவீர்களா?

[9:17] அத்தை: ஞாயிறு வரை எதற்கு? சனிக்கிழமை கடைக்கு லீவு விடுகிறேன். செங்கல் எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டுகிறேன், அதற்குப் பிறகு வரை.